மோட்டர் இருக்கட்டும், வண்டியைப் பார்

ரிமோட் காருக்கு பிரஷ்லெஸ் மோட்டர் போட ஆசைப்படும் பிள்ளைகள் எங்கள் தோட்டப் பக்கமும் இருக்கிறார்கள். வந்ததும் கேட்பது, எந்த மோட்டர் நல்லது என்றுதான். மோட்டரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். எந்த வண்டி என்பதை முதலில் முடிவு பண்ணணும்.

*

சாதாரண 540 மோட்டர் 7.2 வோல்ட்டில், சுமை இல்லாமல், நிமிடத்துக்கு 15,000 சுற்று அளவில் ஓடும். பிரஷ்லெஸ் மோட்டரின் மேல் எழுதியிருக்கும் கே.வி. என்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 3300 கே.வி. மோட்டருக்கு இரண்டு செல் லிப்போ பெட்டரி, அதாவது 7.4 வோல்ட் கொடுத்தால் 24,420. மூன்று செல் கொடுத்தால் 36,630. பழைய மோட்டருக்கென்று வார்த்த பிளாஸ்டிக் பல்லு இதற்கு எத்தனை நாள் நிற்கும்?

*

பழையதில் கரித்துண்டு செம்பின் மேல் உரசி உரசித் தேயும், பொறி விடும், சூடாகும். பிரஷ்லெஸ்ஸில் சுருள் கூட்டோடு அசையாமல் இருக்க, காந்தம் நடுவில் சுற்றுகிறது. கரண்டை முறை மாற்றி விடும் வேலை ஸ்பீட் கொன்ட்ரோலருக்குப் போய்விட்டது. ஆகவே மோட்டரை மட்டும் மாற்ற வழியில்லை, கொன்ட்ரோலரும் சேர்ந்து மாற வேண்டும்.

இங்கேதான் மலிவு வண்டிகள் காலை வாருகின்றன. பலவற்றில் ரிசீவரும் கொன்ட்ரோலரும் ஒரே போர்டில் இருக்கும். அதைக் கழற்றினால் ரிசீவர் போச்சு, ரிமோட்டும் போச்சு. முன் சக்கரத்தைத் திருப்பும் சேர்வோவுக்கு ஐந்து வயர் வந்தால் அதுவும் போச்சு. வாங்கும் முன் மூடியைத் திறந்து, இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்தே ஆகணும்.

*

எனக்கு நம்பிக்கையான சோதனை ஒன்று உண்டு. கம்பனிக்காரனே அதே வண்டியை இரண்டு விதமாகவும் விற்கிறானா? ட்ராக்ஸஸ் ஸ்லாஷ் 2008இல் வந்தது. சாதாரண மோட்டரோடும் கிடைக்கும், 3500 கே.வி. வெலினியோன் பிரஷ்லெஸ் மோட்டர் போட்ட வி.எக்ஸ்.எல். என்றும் கிடைக்கும். ஆர்மா கிரானைட் நாலு சக்கர இழுவை வண்டியும் அப்படியே: 550 மோட்டரோடு ஒன்று, மூன்று செல் பிரஷ்லெஸ்ஸோடு ஒன்று. சட்டம் அந்த வேகத்தைத் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது. எந்தப் பகுதியை உருக்கில் மாற்ற வேண்டும் என்பதும் இரண்டு வகையின் உதிரிப்பாகப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டமியாவின் ஹோர்னெட், கிராஸ்ஹொப்பர் இரண்டும் 1984இல் வந்தவை, பின்னர் மறுபடி வெளியிட்டார்கள். அழகான வண்டிகள், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மோட்டரே பின் அச்சோடு சேர்ந்து குதிக்கும் அமைப்பு அது. வேகம் கூடினால் மேட்டில் நிலைகொள்ளாது. அவற்றை அப்படியே ஓட்டுவதுதான் சரி.

*

எங்கள் இரத்தினபுரியில் மழை ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றரைத் தாண்டும். ரோட்டில் எப்போதும் ஈரம், இரண்டு பக்கமும் சிவப்புச் சேறு. இதற்குக் கியர் பொக்ஸ் முழுக்க மூடியதாக இருக்க வேண்டும். சென்சர் வயர் இல்லாத மோட்டர் போதும், தண்ணீர் புகுந்து கெட ஒரு இணைப்புக் குறைவு. கொன்ட்ரோலர் தண்ணி போகாத வகை என்றால் நிம்மதி.

சேற்றைவிட எனக்குப் பயம் மாணிக்கக் குழிப் பக்கத்து மணல்தான். இல்லம் என்கிற மாணிக்கச் சரளையை அரித்துக் கொட்டிய குவியலில் பிள்ளைகள் ஆசையாக ஏற்றுவார்கள். அதில் கிடப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ் அளவில் கடினம் 7. கூடவே கொருண்டம் துகள் கிடந்தால் 9. திறந்த ஸ்பர் கியரில் அந்த மணி ஒன்று சிக்கினால் பிளாஸ்டிக் பல்லை அரம்போல் ராவிவிடும். ஸ்பர் கியருக்கு மூடி இல்லாத வண்டி இந்த ஊருக்கு வேண்டாம்.

டபிள்யூ.எல். டோய்ஸ் 144001 காசுக்கு நல்ல வண்டி, அடித்தட்டு உலோகம், நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் வயிறு தரையோடு கிடக்கிறது. தார் போட்ட இடத்தில் ஓட்டலாம். லயத்துக்குப் போகும் கல் ரோட்டில் முதல் கல்லிலேயே நிற்கும். ஸ்லாஷின் அகன்ற பொடி சேற்றை அள்ளிச் சேர்த்துக்கொள்ளும். என் கை போவது ட்ராக்ஸஸ் ஸ்டாம்பீட் பக்கம், பின் சக்கர இழுவை மட்டும் உள்ளது. உயரம் இருக்கிறது, உடையும் சாமான் குறைவு, கியர் பொக்ஸோ நெடுங்காலம் ஸ்லாஷுக்கும் ரஸ்லருக்கும் போட்ட அதே வகை.

*

மோட்டர் அச்சில் மாட்டும் பினியன் பல்லுக்கும் அது சுற்றும் ஸ்பர் கியருக்கும் இடைவெளி வைக்கும் முறை: கொப்பித் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து இரண்டுக்கும் நடுவே விட்டு, மோட்டரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுத்துப் பார். பல்லின் தடம் நெளிநெளியாக விழுந்து, தாள் கிழியாமல் வந்தால் சரி. கிழிந்தால் நெருக்கம். ஸ்பரை விரலால் அசைத்தால் மயிரிழை ஆட்டம் இருக்கணும், ஒரு சுற்று முழுக்க அதே அளவில்.

சின்ன பினியனில் தொடங்கு. ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டரைத் தொட்டுப் பார். விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் இன்னும் ஒரு பல் குறை. சூடு கூடினால் காந்தத்தின் சக்தி போய்விடும், திரும்பி வராது.

*

லிப்போ: செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதே, 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதே, சும்மா வைக்கும்போது 3.8. தனி லித்தியம் அயன் பெட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் முழுக்கத் தடை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் என்று காத்திருக்காமல் கொழும்பில் கையில் பார்த்து வாங்குவது நல்லது.

*

டவுனில் லேத் வைத்திருக்கும் தம்பியிடம் கேட்டேன், உருக்கு பினியன் வெட்ட ஏலுமா என்று.

“இந்த அளவு பல்லுக்கு என்கிட்ட கட்டர் இல்லண்ணே. அச்சு கடைஞ்சு தாரேன், மோட்டர் பிடிக்கிற தட்டு அலுமினியத்துல வெட்டித் தாரேன். ஓட்டை எத்தனை தூரம்?”

25 மில்லிமீற்றர், 3 மில்லிமீற்றர் ஸ்க்ரூ. 540 அளவு மோட்டர் எல்லாவற்றுக்கும் இதே அளவுதான், 3650 என்று விற்கும் பிரஷ்லெஸ்ஸுக்கும் சேர்த்து. அப்படியானால் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியது பினியன், டிஃபரன்சல் பல்லு, 5க்கு 11க்கு 4 பெயாரிங். பெயாரிங் கடையில் எம்.ஆர். 115 என்று கேட்டுப் பார்க்கணும்.