ஒரு லீட்டர் பால்

முதல் தடவை நாங்கள் செய்த குல்ஃபியைக் கத்தியால் கொத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாயில் போட்டால் நறநறவென்று ஐஸ். ஏலக்காய் வாசம் மட்டும்தான் குல்ஃபி.

பிழை எங்களில்தான். 1 லீட்டர் பால் பாதிக்கும் குறைவாக வற்ற வேண்டும். நாங்கள் 20 நிமிஷத்தில் பொறுமை இழந்து அடுப்பை நிற்பாட்டிவிட்டோம். ஐஸ்கிறீமை உறையும்போதே கடைந்து காற்றுச் சேர்ப்பார்கள், அதனால் மெதுவாக இருக்கும். குல்ஃபியைக் கடைவதில்லை. பாலில் தண்ணி மிஞ்சினால் அது ஐஸ் கட்டியாகத்தான் உறையும்.

குல்ஃபி என்ற பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. மூடியுள்ள கிண்ணம் என்று பொருள். பிறிட்ஜ் இல்லாத காலத்தில் வட இந்தியாவில் வற்றிய பாலை அச்சில் ஊற்றி, வாயைப் பிசைந்த மாவால் அடைத்து, உப்புக் கலந்த ஐஸ் பானைக்குள் புதைத்தார்கள். உப்புச் சேர்ந்தால் ஐஸ் 0 பாகைக்கும் கீழே குளிரும். அக்பரின் அரண்மனைக்கு வடக்கு மலைகளிலிருந்து பனிக்கட்டி வந்ததை அபுல் பஸல் 'அயினி அக்பரி'யில் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் நாங்கள் பெருமையாகக் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான், இரண்டாம் தடவைப் பாலைக் கிண்டிக்கொண்டிருந்த எங்கள் அறைத்தோழி சொன்னாள்: "எங்க வீட்டுல மூணு மாடு இருக்கு. ஆனா பால் பூரா சென்டருக்குத்தான் போகும். நாங்க குடிக்கிறது பிளேன்டி."

அவள் மலையகம். மற்ற மூன்று பேரும் யாழ்ப்பாணம். இரண்டு வருஷமாக ஒரே அறை. அவள் பால்தேத்தண்ணி கேட்காததை, அவளுக்குப் பால் பிடிக்காது எண்டு நாங்களே முடிவெடுத்து வைத்திருந்தோம். ஒருநாளும் கேட்டதில்லை. பழுதாய்ப்போன முதல் குல்ஃபியை நாங்கள் சிரிச்சுச் சிரிச்சு சிங்குக்குள் கொட்டினபோது அவள் ஏன் பேசாமல் அறைக்குள் போனாள் எண்டதும் அப்பதான் விளங்கியது.

"சொறியடி" என்றோம். "கதைக்காம ஏலக்காயத் தட்டுங்கடி, அடிப்பிடிக்கப் போகுது" என்றாள்.

அதுக்குப் பிறகு எல்லாம் அவள் சொன்னபடிதான். குறைந்த நெருப்பு. சட்டி ஓரத்தில் ஒட்டும் ஆடையைச் சுரண்டிச் சுரண்டித் திரும்பவும் பாலுக்குள். 1 மணித்தியாலத்துக்கு மேல் போனது. கடைசியில் 5 மேசைக்கரண்டி சீனி, தட்டிய 6 ஏலக்காய், நறுக்கிய கஜு. குங்குமப்பூவும் பிஸ்தாவும் எங்கட காசுக்குச் சரிவராது. ஆறவிட்டு, சின்னச் சில்வர் தம்ளர்களில் ஊற்றி, பொலித்தீனால் மூடி றப்பர்பாண்ட் போட்டு, வீட்டுக்கார அன்ரியின் பிறீசரில் ஓர் இரவு. எடுத்ததும் தம்ளரை இரண்டு கைக்குள்ளும் உருட்டினால் கழன்று வரும்.

4 தம்ளர் வந்தது. ஒன்று அன்ரிக்கு. மிச்சம் மூன்றில் ஒன்றை முழுசாக அவளுக்குக் குடுக்க வெளிக்கிட்டோம். "இரக்கப்பட்டுத் தராதீங்கடி" என்று கத்தியை வாங்கி, மூன்றையும் நாலு பேருக்கும் சரிசமமாக வெட்டினாள். இந்தமுறை கத்தி சுகமாக இறங்கியது.

இப்போது தேத்தண்ணி போடும்போது அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறோம். பாதி நாள் பிளேன்டி போதும் என்கிறாள். அவளுக்கு உண்மையாகவே அதுதான் பிடிக்குமாம். எண்டாலும் கேட்கிறோம்.