ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, நியமனக் கடிதத்தோடு தோட்டப் பக்கம் வரப்போகிற தம்பி, தங்கச்சிமாரே! கணக்கை எப்படிப் படிப்பிப்பது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தரம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் என் பேச்சு. பள்ளிக்குப் போன முதல் வாரமே ஆசிரியர் அறையில் யாராவது சொல்வார்கள்: "இந்த வயசுல சரியான குழப்படி. லயத்து வளர்ப்பு அப்படி." நம்பிவிடாதீர்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் நின்றே தலை நரைத்தவன் நான். லயத்தில் இல்லாத குழப்படியைப் பள்ளிக்கூடம் பழக்கிவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்கூடம் கேட்டது. அதற்கு மேல் பேர் பதிந்து வேலைக்குப் போகவேண்டியதுதான். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இல். ஆகவே 13 வயதுப் பிள்ளையை வகுப்பில் வைத்து வளர்ப்பது எங்களுக்குப் பழைய பழக்கம் அல்ல. எங்கள் தாத்தாமார் அந்த வயதில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றவர்கள்.

இன்றைக்கும் பல தோட்டப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. அங்கே டீச்சருக்குப் பிள்ளையின் அப்பாவைத் தெரியும், ஆயாவைத் தெரியும், எந்த லயம் என்றும் தெரியும். பதினொரு வயதில் அந்தப் பிள்ளை டவுன் பள்ளிக்கு வருகிறது. பாடத்துக்கொரு சேர், மிஸ். பேர் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. உடம்பும் குரலும் மாறுகிற வயதும் அதுதான். அப்போது யார் முதலில் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்பதைப் பிள்ளை மறப்பதில்லை.

அநேகமாக முதலில் பேசுகிறவர் கேட்டில் நிற்கிற வாச்சர். மேல் டிவிசனிலிருந்து மழையில் இறங்கி வருகிறவன் ஏழரைக்குப் பிந்திவிட்டால் கேட் பூட்டு. நனைந்தபடி வெளியில் நிற்கவேண்டும். இரண்டு தரம் அப்படி நின்றவன் மூன்றாந்தரம் கேட்டுக்கே வரமாட்டான். பஸ் ஸ்டாண்டில் நிற்பான். பிறகு கொழும்புக் கடைக்கு ஆள் பிடிக்க வருகிறவர் கண்ணில் படுவான். நான் வேலை செய்த இன்னோர் இடத்தில் ஒரு அதிபர், மழை நாளில் தானே கேட்டுக்கு வந்துவிடுவார். விறாந்தையில் கயிறு கட்டி, நனைந்த காலுறைகளைக் காயப்போடச் சொல்வார். "சாப்பிட்டியாப்பா?" என்பார். பிந்துவதற்குக் காரணம் அதற்குப் பிறகுதான் கேட்பார். அந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் பிந்தித்தான் வந்தார்கள். ஆனால் வந்தார்கள்.

மலசலகூடத்தின் திறப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பெடியன்கள் உடைக்கிறார்கள் என்று ஒரு பள்ளியில் பூட்டுப் போட்டு, திறப்பை ஆசிரியர் அறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இடைவேளையில் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று வாசலில் வந்து நிற்கும். உள்ளே சேர்மார் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். "என்ன?" என்பார் ஒருவர். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடும். மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வராது. தவணை அறிக்கையில் எழுதினார்கள்: "ஒழுங்கில்லை." 2024இல் அரசாங்கம் அணையாடைக்கு 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தது நல்ல காரியம். அணையாடையை மாற்றுவதற்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள இடம் வேண்டாமா? புதிதாக வந்த ஒரு மிஸ் அந்தத் திறப்பை வாங்கி ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டார். பெடியன்களுக்கும் தண்ணீர் நிரப்பும் முறை போட்டார். உடைப்பது அடியோடு நின்றது என்று சொல்லமாட்டேன், குறைந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. லண்டனில் ஆய்வாளர் மைக்கல் ரட்டரும் கூட இருந்தவர்களும் 12 இடைநிலைப் பள்ளிகளைப் பல வருடம் கவனித்து, 1979இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி வீட்டு நிலைமையிலிருந்து வந்த பிள்ளைகளின் நடத்தைகூடப் பள்ளிக்குப் பள்ளி மாறியிருந்தது. கட்டடம் பழசா புதுசா என்பதில் பெரிய விஷயம் இருக்கவில்லை. அதை எப்படி வைத்திருந்தார்கள், சுவரில் பிள்ளைகளின் வேலை இருந்ததா, பாராட்டு இருந்ததா, பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்களா என்பதில்தான் விஷயம் இருந்தது.

பிரம்பைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே அதைத் தடுத்துவிட்டது. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், 2021இல் உயர் நீதிமன்றம் அவனுக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. பிரம்பை வைத்துவிட்டு நாக்கை எடுத்தவர்களும் இருக்கிறார்கள். "தோட்டக்காட்டான்" என்று வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும். அடுத்த வாரம் அந்தப் பையனே தன்னைவிடச் சின்னவனை அப்படித்தான் கூப்பிடுவான்.

உங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அநியாயம் நடந்திருக்கிறது. முன்பொரு முறை தோட்டப் பள்ளிகளுக்கு எடுத்த ஆசிரிய உதவியாளர்களுக்கு முதலில் மாதம் 6,000 ரூபாதான் கொடுத்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதைக் கல்வித் திணைக்களத்திடமும் அமைச்சரிடமும் காட்டுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் காட்டாதீர்கள்.

பிள்ளையிடம் எப்படி நடக்கலாம் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1892இல் தொடங்கிய ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் 1960களில் இர. சிவலிங்கமும் திருச்செந்தூரனும் படிப்பித்தார்கள். லயத்திலிருந்து வந்த பிள்ளைகளிடம் எழுதச் சொன்னார்கள், மேடையேறிப் பேசச் சொன்னார்கள், "மலையகத்தான்" என்று கூச்சமில்லாமல் சொல்லச் சொன்னார்கள். பின்னாளில் எழுத்தாளர்களாகவும் அதிபர்களாகவும் வந்த எத்தனையோ பேர் அந்த நிழலில் நின்றவர்கள்தான். அவர்களும் லயத்து வளர்ப்புத்தான்.

நீங்கள் போகிற பள்ளியில் முதல் வாரம் ஒரு நாள், பள்ளி விட்டதும் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்கள் லயம் வரைக்கும் நடந்து போய்விட்டு வாருங்கள். மறுநாள் அதிபரிடம் போய், மலசலகூடத் திறப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.