கிராண்ட் ஐலண்டில் மூன்று முதியோர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படத்தை விரித்து, ஏறக்குறைய நட்டநடுவில் விரலை வைத்தால், அது நெப்ராஸ்கா மாகாணத்தின் மீதோ அதற்குத் தெற்கேயுள்ள கான்ஸாஸ் மாகாணத்தின் மீதோதான் படும். நெப்ராஸ்காவின் இந்தப் பாகத்தில் மலையும் இல்லை, கடலும் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோள வயல்கள். நடுவே பிளாட் என்னும் நதி ஆழமும் அவசரமும் இல்லாமல், கிளை கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. அக்கிளைகளுக்கு இடையே கிடந்த நீண்ட தீவுக்குப் பிரெஞ்சு வியாபாரிகள் 'பெரிய தீவு' என்று பெயரிட்டார்கள். அப்பெயரின் ஆங்கில வடிவமே கிராண்ட் ஐலண்ட். 1857-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் குடியானவர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். 1866-இல் ரயில் வந்தது. 1890-இல் சர்க்கரைக் கிழங்கு ஆலை வந்தது. ஹென்றி போண்டா என்ற பிரசித்தி பெற்ற சினிமா நடிகர் 1905-இல் பிறந்ததும் இவ்வூரில்தான்.

இவ்வளவும் வழிகாட்டிப் புத்தகங்களிலேயே கிடைக்கும். நாம் அங்கே சென்றது வேறு காரணத்துக்காக. துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாவை வீட்டிலேயே கெட்டித்துக்கொள்வது அந்நாட்டில் ஒரு பொழுதுபோக்கு. அதன் சரித்திரத்தில் கிராண்ட் ஐலண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு வித்தையில் தேர்ந்தவரைக் கண்டால், "இதை முதன்முதலில் எப்படிக் கற்றீர்கள்?" என்று கேட்கத் தோன்றுவது பள்ளி ஆசிரியர்களின் சுபாவம். ஒமாஹா நகரில் உத்தியோகம் பார்க்கும் உறவினர் ஒருவர், இவ்வித்தையில் ஆயுள் முழுவதும் பழகிய மூவரைத் தமக்குத் தெரியும் என்று சொல்லி, சென்ற ஆண்டு மார்ச்சு மாதத்தில் சுமார் 150 மைல் தூரம் நம்மை அழைத்துப் போனார்.

நேயர்களில் பெரும்பாலோர் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா செய்வதே குற்றம். ஆகையால் சிறிது விளக்கம் அவசியம். தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியில் பதித்த, அடிபட்டால் நெருப்பைக் கக்கும் சிறு கேப்பு, கூட்டினுள் வெடிமருந்து, அதன் வாயில் செருகிய குண்டு. சுட்டதும் கேப்பும் மருந்தும் செலவாகிவிடும், குண்டு போய்விடும். கூடு மட்டும் மிஞ்சும். நான்கிலும் பெரும்பாலும் விலை அதிகமானது அதுதான். வெடித்த வேகத்தில் சற்று உப்பியிருக்கும் அக்கூட்டை எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, மற்ற மூன்றையும் புதிதாக அமைத்தால் மறுபடியும் தோட்டா தயார். இப்படிப் பல தடவை செய்யலாம். காலிப் புட்டியை எறிய மனமில்லாமல் ஊறுகாய் போட்டு வைக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும்.

முதலில் நாம் சந்தித்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 78. "சிக்கனம்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது" என்று ஆரம்பித்தார். "வீட்டில் ஐந்து குழந்தைகள். இருபது தோட்டா உள்ள பெட்டி ஒன்றை என் தகப்பனார் மூன்று வருஷம் வைத்துக் காப்பாற்றுவார். பழகிப் பார்ப்பதற்காக ஒன்றைச் சுட்டாலும் கணக்குக் கேட்பார்." பதினேழாவது வயதில் சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் வாங்கியது 'லீ லோடர்' என்ற கைக்கருவிப் பெட்டி. விஸ்கான்ஸின் மாகாணத்தில் ரிச்சர்டு லீ என்பவர் 1958-இல் தொடங்கிய தொழிலின் பயன் அது. கருவி முழுவதும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். கூட வேண்டியது ஒரு சுத்தியல்தான்.

"சமையலறை மேஜைமேல் வைத்து, நாலாவது கேப்பைத் தட்டிப் பதித்தேன். தட்டு சற்றுப் பலமாக விழுந்துவிட்டது. 'டப்' என்று வெடித்தது! எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா கையிலிருந்த பீங்கான் தட்டுத்தான் உடைந்தது. மறுநாள் முதல் என் தொழிற்சாலை மாட்டுக்கொட்டகைக்கு மாறிற்று" என்று சொல்லி அம்முதியவர் சிரித்தார்.

இந்தப் பொழுதுபோக்கு அந்நாட்டில் பரவியதற்கு யுத்தமும் ஒரு காரணம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது கிராண்ட் ஐலண்டுக்கு மேற்கே, 'கார்ன்ஹஸ்கர்' என்ற பெயருடன் அரசாங்கத்தின் வெடிகுண்டுத் தொழிற்சாலை ஒன்று 1942-இல் எழுந்தது. அதன் காவலர்களுக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தவர் ஜாய்ஸ் ஹார்னடி. (ஜாய்ஸ் என்பது இவ்விடத்தில் ஆண்பிள்ளையின் பெயர்.) அவரும் வெர்னன் ஸ்பியர் என்பவரும், சுட்டெறிந்த சிறு கூடுகளைக் கொண்டே குண்டுகளுக்கு மேலுறை செய்து பார்த்தார்கள். பிறகு ஸ்பியர் ஐடஹோ மாகாணத்துக்குச் சென்று தனியே தொழில் நடத்தினார். ஹார்னடி 1949-இல் இவ்வூரிலேயே குண்டு செய்யத் தொடங்கினார். பத்துக் குண்டும் ஒரே துளை வழியே செல்ல வேண்டும் என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட குறிக்கோள். 1981-இல் அவர் விமான விபத்தில் காலமானார். தொழிலை அவர் குடும்பத்தார் நடத்தி வருகிறார்கள்.

மருந்துக்கு வழி செய்தவர் கான்ஸாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன். யுத்தம் முடிந்ததும் மிச்சமாய்க் கிடந்த சர்க்கார் மருந்தை, ஆயுள் இன்ஷியூரன்ஸின் பேரில் கடன் எடுத்து வாங்கினார். மேய்ச்சல் நிலம் ஒன்றில் பழைய ரயில் பெட்டியை நிறுத்தி, அதையே கிடங்காக்கி, தபால் மூலம் விற்றார். போருக்காகச் செய்த சரக்கு, குடியானவர்களின் கொட்டகைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கார்ன்ஹஸ்கர் ஆலையின் கழிவோ நிலத்தடி நீரில் கலந்து, 1980-களில் ஊரின் மேற்குப் புறத்துக் கிணறுகளில் தலைகாட்டியது. மருந்து எளிதில் மறைகிற வஸ்து அல்ல.

இரண்டாமவர் 74 வயதான ஒரு மூதாட்டி. மக்காச்சோளம் பயிரிட்ட குடும்பம். "என் தகப்பனாருக்கு ஆண்பிள்ளை இல்லை, ஆகையால் என்னைக் கூப்பிட்டார்" என்றார். ஆனால் உடனே மருந்து டின்னைத் திறந்துவிடவில்லையாம். ஒரு குளிர்காலம் முழுவதும் கூடுகளைத் துடைத்து, வெடிப்பு உண்டா என்று பார்த்துப் பிரித்து வைப்பதும், தராசைச் சரி பார்ப்பதும்தான் வேலை. மருந்தை நிறுக்கும் அளவுக்கு 'கிரெயின்' என்று பெயர். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. நம் தட்டார் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்தார்கள் அல்லவா? அக்குன்றிமணியில் ஏறக்குறைய பாதிதான் ஒரு கிரெயின். அந்தத் தராசோ கிரெயினில் பத்தில் ஒரு பங்கையும் காட்டும். "நான் மூச்சு விட்டால் முள் அசையும். அப்பா பக்கத்தில் நின்று, 'மூச்சை விட்டுவிட்டு அப்புறம் படி' என்பார். வசந்தம் வந்ததும் ஒரு நாள், ஒன்றும் சொல்லாமல் மருந்து டின்னை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதைவிடப் பெரியது இல்லை" என்றார் அவ்வம்மையார்.

மூன்றாமவர் நம் இனத்தவர், உயர்தரப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர், வயது 80. கைகுலுக்கியபோதே வலக்கை ஆள்காட்டி விரலில் பாதி இல்லை என்பது தெரிந்தது. இருபத்திரண்டாவது வயதில், சிநேகிதன் ஒருவனோடு பேசிக்கொண்டே மருந்து போட்டிருக்கிறார். ஒரே கூட்டில் இரண்டு தடவை விழுந்துவிட்டது. மறுநாள் கைத்துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறியது. "நான் கற்கத் தொடங்கியது அன்றைக்குத்தான், அதற்கு முன் செய்ததெல்லாம் விளையாட்டு" என்றார்.

அவருடைய மேஜையில் ஒரு சமயத்தில் ஒரு மருந்து டின்னுக்கு மேல் இருப்பதில்லை. மருந்து திறந்திருக்கும்போது பேச்சில்லை, ரேடியோவும் இல்லை. மருந்திட்ட கூடுகளை மரப்பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்த பிறகே குண்டைச் செருகுகிறார். 2020-ஆம் வருஷத்துக் கொள்ளை நோய்க் காலத்தில் கடைகளில் தோட்டா அகப்படாமற் போகவே, இளைஞர் பலர் இவரிடம் கற்க வந்தார்களாம். "முதல் பாடமாக விரலைக் காட்டுவேன். அதைப் பார்த்தும் மறுநாள் வருகிறவனுக்குத்தான் இரண்டாவது பாடம்."

இவற்றைக் கேட்டு வியந்தோம் எனினும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். நாம் கேட்குமுன் வேறொருவர் அந்தப் பேச்சை எடுத்தார். அவர் ரயில்வே முதியவரின் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய பதினைந்து வயது மகன், பாட்டனாரிடம் தோட்டா கெட்டிக்கக் கற்க வேண்டும் என்று ஒரு வருஷமாய்ப் பிடிவாதம் பிடிக்கிறானாம்.

"ஐயா, அப்பாவின் மேஜையில் ஒரு நாளும் தவறு நடந்ததில்லை. ஆனால் எங்கள் வார்டுக்கு நடுநிசியில் கொண்டுவரும் பிள்ளையின் உடம்பிலுள்ள குண்டு, கவனமாய்ச் செய்ததா, கவனமில்லாமல் செய்ததா என்று நாங்கள் பார்ப்பதில்லை. பதினெட்டு வயது ஆகும்வரை இவன் அதைத் தொடக்கூடாது" என்றார்.

முதியவர் பதில் சொல்லவில்லை. தாம் பதினேழு வயதில் வாங்கிய அந்தச் சிறு பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து நமக்குக் காட்டினார். மூடியில் பேரனின் பெயர் எழுதியிருந்தது. மறுபடி உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை மகளிடமே கொடுத்துவிட்டார். பொறுமையும் கவனமும் கற்பிக்கும் வித்தை என்று அவர் நம்புவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கற்பிக்க வேறு வித்தைகளும் உண்டு. அந்தத் தாயார் சொன்னதே நமக்குச் சரியாகப் பட்டது.

மாலையில் எல்லோருமாக நதிக்கரைக்குப் போனோம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, வடக்கே செல்லும் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் ஐந்து இலட்சத்துக்கு மேல் இந்நதியில் தங்குகின்றன. பகலில் வயல்களில் உதிர்ந்து கிடக்கும் சோளத்தைத் தின்று, இரவில் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியே உறங்குகின்றன. அவை செல்லும் வழியிலுள்ள வேறு பல மாகாணங்களில் அவற்றை வேட்டையாட அனுமதி உண்டு; நெப்ராஸ்காவில் கிடையாது. குண்டு செய்து பேர் பெற்ற ஊருக்குப் பக்கத்தில், கொக்குகள் அச்சமின்றி இறங்கிக்கொண்டிருந்தன. பேரன் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

கிராண்ட் ஐலண்டைப் பார்க்க விரும்பும் நேயர்கள் மார்ச்சு மாதத்தில் போவது உசிதம். கம்பளிச் சட்டையும் கையுறையும் அவசியம். அஸ்தமித்ததும் குளிர் எலும்பைத் தொடும். வயதானவர் யாரையேனும் சந்தித்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.