தெரேசின்: பெட்டிக்குள் பிழைத்த ஓவியங்கள்

பிராகிலிருந்து வடக்கே பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். நட்சத்திர வடிவில் சூழ்ந்து நிற்கும் செங்கல் மதில்கள். உள்ளே கோடு போட்டாற்போல் நேர் நேரான தெருக்கள். நடுவே ஒரு சதுக்கம், ஒரு மாதா கோவில். ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் 1780இல் கட்டத் தொடங்கி, தன் தாய் மரியா தெரேசாவின் பெயரைச் சூட்டிய கோட்டை ஊர், தெரேசின். எதிரி உள்ளே நுழையாதிருக்க எழுப்பிய மதில்கள், 160 ஆண்டுகள் கழித்து மனிதர்கள் வெளியேறாதிருக்கப் பயன்பட்டன.

1941 நவம்பரில் நாஜிகள் இந்த ஊரை யூதர்களுக்கான சிறையாக மாற்றினார்கள். சுமார் 7,000 பேர் வாழ்ந்த இடத்தில் 1942 செப்டம்பரில் 58,000 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். போர் முடிவதற்குள் 1,40,000க்கும் மேற்பட்டவர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் சுமார் 33,000 பேர் பசியிலும் நோயிலும் இங்கேயே மடிந்தார்கள். சுமார் 88,000 பேர் ஆஷ்விட்ஸ் போன்ற கொலைக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1942 டிசம்பரில் கணவர் பாவெலுடன் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ். வயது 44. ரயில் அப்போது ஊருக்குள் வராது. பொஹுஷோவிட்செ நிலையத்தில் இறங்கி, மூட்டையைச் சுமந்துகொண்டு சுமார் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆளுக்கு 50 கிலோதான் அனுமதி. அதற்குள்ளும் வண்ணங்களுக்கும் காகிதத்துக்கும் இடம் ஒதுக்கியிருந்தார் அவர்.

வியன்னாவில் 1898இல் பிறந்தவர். நான்கு வயதில் தாயை இழந்தார். தந்தைக்குக் காகித, எழுதுபொருள் கடையில் வேலை. ஆகவே மகளுக்குக் காகிதத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. 1919இல் ஆசிரியர் யோஹானஸ் இட்டனைப் பின்தொடர்ந்து, வைமார் நகரில் புதிதாகத் தொடங்கிய பௌஹௌஸ் கலைப்பள்ளிக்குப் போனார். (1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சிக்கு வந்த ஓவியங்கள் இந்தப் பள்ளியினுடையவைதான், இட்டனின் படைப்புகளும் அவற்றில் இருந்தன.) நண்பர் ஃபிரான்ஸ் சிங்கருடன் சேர்ந்து பெர்லினில் பெர்ட்ஹோல்ட் வீர்டெலின் நாடகக் குழுவுக்கு மேடையும் உடைகளும் வடிவமைத்தார். பிறகு வியன்னாவில் இருவரும் நடத்திய வடிவமைப்பு நிலையம், மடக்கவும் அடுக்கவும் முடிகிற நாற்காலி, கட்டில்களுக்குப் பெயர் பெற்றது. சின்ன அறையைப் பெரிதாக்கிக் காட்டுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

1934இல், கம்யூனிஸ்ட் நடவடிக்கைகளுக்காக ஃப்ரீடில் கைது செய்யப்பட்டார். விடுதலையானதும் பிராகுக்குப் போய், அகதிக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். பாலஸ்தீனத்துக்குத் தப்பிச் செல்ல வாய்ப்பு வந்தது. கணவருக்கு அனுமதி கிடைக்காததால் மறுத்துவிட்டார்.

தெரேசினில் சிறுமிகள் தங்கவைக்கப்பட்ட எல் 410 என்ற கட்டடத்தில் அவருடைய வகுப்பு நடந்தது. அலுவலகப் படிவங்களின் பின்புறம், பொட்டலம் கட்டிய தாள் என்று எது கிடைத்தாலும் அதில் வரைந்தார்கள். மேசையைத் தட்டித் தாளம் போடுவார். அந்தத் தாளத்துக்குப் பிள்ளைகளின் கை ஓட வேண்டும். இட்டனிடம் கற்ற பயிற்சி அது. குறிப்பிட்ட காட்சியைத்தான் வரைய வேண்டும் என்று திணிக்கவில்லை. குழந்தைகள் பூ, பட்டாம்பூச்சி, வீடு, விருந்து மேசை என்று வரைந்தார்கள். சிலர் அடுக்குக் கட்டில்களையும் வரைந்தார்கள். ஒன்றை மட்டும் அவர் வற்புறுத்தினார்: படத்தில் பெயரை எழுது. ஆட்களுக்கு எண் கொடுத்து ரயிலேற்றிய ஊரில் இது சின்ன விஷயமில்லை.

மேடை அமைக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் வேறு சிலரும் இருந்தார்கள். பிராகின் அரங்க வடிவமைப்பாளர் ஃபிரான்டிஷெக் ஜெலென்கா, சிறுவர்கள் பாடி நடித்த 'ப்ருண்டிபார்' இசை நாடகத்துக்குப் பலகை வேலி ஒன்றையே மேடையாக்கினார். ஆனால் மிகப் பெரிய மேடையை அமைத்தவர்கள் நாஜிகள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் வருவதற்காக ஊரே ஒப்பனை செய்யப்பட்டது. பூச்செடிகள், கடை ஜன்னல்கள், விளையாட்டுத் திடல், வாத்தியக்குழு. நெரிசல் தெரியாதிருக்க மே மாதமே சுமார் 7,500 பேர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். வந்தவர்கள் 'ப்ருண்டிபார்' பார்த்தார்கள். திருப்தியுடன் அறிக்கையும் எழுதினார்கள்.

செப்டம்பர் கடைசியில் பாவெல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். ஃப்ரீடில் தானே முன்வந்து அடுத்த ரயிலொன்றில் பெயர் கொடுத்தார். அதற்கு முன் குழந்தைகளின் ஓவியங்கள், சுமார் 4,500, இரண்டு பெட்டிகளில் வைக்கப்பட்டன. அக்டோபர் 6ஆம் தேதி கிளம்பிய ரயிலில் அவருடன் மாணவிகள் பலரும் இருந்தார்கள். 9ஆம் தேதி விஷவாயு அறையில் அவர் கொல்லப்பட்டார். யாரைத் தேடிப் போனாரோ அந்தப் பாவெல் உயிர் பிழைத்தார்.

1945 ஆகஸ்டில் விடுதியின் பொறுப்பாளராக இருந்த வில்லி குரோக் அந்தப் பெட்டிகளைப் பிராகுக்குக் கொண்டுபோய் யூதச் சங்கத்தில் சேர்த்தார். இப்போது அவை பிராக் யூத அருங்காட்சியகத்தின் சொத்து. பிங்கஸ் ஜெபாலயத்தின் சுவர்களில், கொல்லப்பட்ட கிட்டத்தட்ட 80,000 செக் யூதர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அதன் மாடியில் குழந்தைகளின் படங்கள் சில மாட்டப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் கீழும் பெயர், பிறந்த நாள், பெரும்பாலானவற்றில் 1944 என்ற ஆண்டு.

வகுப்பு யாருடைய உயிரையும் காப்பாற்றவில்லை. ஆனால் எந்தப் பட்டாம்பூச்சியை எந்தச் சிறுமி வரைந்தாள் என்று இன்றும் சொல்ல முடிகிறது. டீச்சர் சொன்னபடி, தாளின் ஓரத்தில் பென்சிலால் அவள் தன் பெயரை எழுதியிருக்கிறாள்.