வேப்பூரில் ஒரு பீஸ் கேரியர்

வேப்பூர் என்றால் முக்கால்வாசிப் பேருக்கு அது ஒரு கூட்டு ரோடுதான். சென்னையிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் ஏறினால், உளுந்தூர்பேட்டை தாண்டிய பிறகு வரும். ஒரு பக்கம் திரும்பினால் விருத்தாசலம். மறுபக்கம் சின்னசேலம், சேலம். பஸ் நின்று நாலு பேரை உதிர்த்துவிட்டுக் கிளம்பிவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறங்கிப் பாருங்கள்! அன்று ஆட்டுச் சந்தை. வேன்களும் ஆடுகளும் பேரம் பேசுகிற மனிதர்களுமாக நடக்க வழி இருக்காது. நான் போய் இறங்கியது அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. பையில் தங்கை பெண்ணுக்காக வாங்கி வைத்திருந்த வாழைப்பழத்தில் பாதியை ஒரு வெள்ளாடு தின்று தீர்த்த பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் தங்கையின் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டால், "திங்கக்கிழமை ஸ்கூல்ல மாறுவேடப் போட்டிக்கா. இவளை அனுப்பப் போறதில்லே" என்றாள். வாடகைக்கு ஜான்சிராணி உடுப்பு 600 ரூபாய் கேட்கிறார்களாம். ஆனால் காசு மட்டும் காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். குட்டிக்கு ஆறு வயது. பேச்சு திக்கும். அதுவும் 'ப'வும் 'க'வும் வந்துவிட்டால் அப்படியே நின்றுவிடுவாள். போன வருஷம் வகுப்பில் யாரோ சிரித்ததிலிருந்து, வெளியாட்கள் முன்னால் வாயே திறப்பதில்லை.

மறுநாள் தங்கை வீட்டுக்காரர் எங்களை விருத்தாசலம் அழைத்துப் போனார். அவருக்கு அங்கே பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரு சின்னப் பட்டறையில் பேக்கிங் வேலை. விருத்தாசலம் என்றால் நமக்குப் பழமலைநாதர் கோயிலும், படியிறங்கிப் போய்ப் பார்க்கிற ஆழத்துப் பிள்ளையாரும், மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். தொழில் செய்கிறவர்களுக்கு அது பீங்கான் ஊர். பீங்கான் தொழிலைப் படிக்க டிப்ளமா கல்லூரியே அங்கே இருக்கிறது. பட்டறை வாசலிலேயே பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பிள்ளையார், கிளி, குடை பிடித்த பெண் என்று எல்லாமே இன்னும் சாயம் ஏறாமல் வெள்ளையாக! களிமண் கூழை அச்சில் ஊற்றி, காயவைத்து, மெருகுக் குழம்பில் முக்கி, சூளையில் 1200 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள். சூளைப் பக்கம் நிற்கவே முடியவில்லை.

பொம்மையைவிட எனக்கு வேடிக்கையாக இருந்தது மூலையில் குவிந்திருந்த பீஸ் கேரியர்கள்தான். மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாக இருக்குமே, கரன்ட் போனால் பிடுங்கிப் பார்த்துக் கம்பி சுற்றுவோமே, அதேதான். பீங்கான் வழியாக மின்சாரம் போகாது என்பதால் அந்த வேலைக்கு அது. லோடு அதிகமானால் நடுவில் இருக்கிற மெல்லிய கம்பி எரிந்து அறுந்து, வீட்டைக் காப்பாற்றிவிடும். இப்போது புது வீடுகளில் தட்டினால் விழுகிற சுவிட்சு வந்துவிட்டது. "ஆர்டர் முன்னைப் போல இல்லீங்கக்கா" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

குட்டி இரண்டையும் பார்க்கவில்லை. பேக்கிங் அறையில் காலியாகக் கிடந்த ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, எட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்துகொண்டு என்னிடம் சொன்னாள்: "பெரிம்மா, நான் பொம்மை. ஒடைஞ்சிடுவேன். மெதுவா தூக்கு."

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

தங்கையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திக்குகிற குழந்தைகள் பாட்டுப் பாடும்போதும், வேறொருவராக நடிக்கும்போதும் சரளமாகப் பேசுவது உண்டு என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். நாலு பெரிய பெட்டிகளைக் கேட்டு வாங்கி, தட்டி மடித்துக் கட்டிக்கொண்டோம்.

திரும்பும் முன் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனோம். அங்கே மனக்குறையைக் காகிதத்தில் பிராதாக எழுதிக் கட்டுகிற வழக்கம் உண்டு. தங்கை ஏற்கெனவே குட்டியின் பேச்சுக்காக ஒன்று எழுதிக் கட்டியிருக்கிறாளாம். எனக்கே அன்றுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தையல் மிஷினும் கத்தரிக்கோலும்தான். என்ன வேஷம் என்று கேட்டதற்குக் குட்டி யோசிக்கவே இல்லை. "பீ... பீ... பீஸ் கேரியர்." தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, 'ப'வும் 'க'வும்தான் இவளுக்கு வராது. அதையே பேரா வச்சுக்கிட்டு நிக்கிறாளே! கிளின்னு வைப்போமே?" கிளியிலும் 'க' இருக்கிறதே என்றேன்.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் கேட்கும் நாள் வரும். அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே அலையலையாக ஒரு தாள் ஓடுகிறதே, அந்தக் கோடுகள் மேலிருந்து கீழாக வருகிற மாதிரி வெட்டுங்கள். அப்போதுதான் உடம்பைச் சுற்றி வளைக்கும்போது முறியாது, நிமிர்ந்தும் நிற்கும். குறுக்கே வளைத்தால் மடங்கிப் போகும். தோளுக்குப் பழைய புடவைக் கரையை இரட்டையாக மடித்துப் பட்டி வைத்தேன். கையும் கழுத்தும் வருகிற ஓரத்தில் பருத்தித் துணியை ஒட்டிவிடவேண்டும். அட்டை ஓரம் பிஞ்சுத் தோலைக் கத்தி மாதிரி கிழிக்கும். பெட்டியில் இருக்கிற ஊக்குகளை எல்லாம் முதலிலேயே பிடுங்கிவிடுங்கள். ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடுகிற வழக்கம் உண்டே, அது விஷம், குழந்தை உடுத்துவதில் கூடவே கூடாது. பெட்டி முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும், இல்லாவிட்டால் படியேற முடியாது. முகத்தை மூடாதீர்கள். உள்ளே புழுங்கும், ஆகவே முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஓட்டை. குத்துவிளக்குப் பக்கம் நிற்க வைக்கவே வேண்டாம்.

மேலே வெள்ளைச் சார்ட் தாள். மார்பில் மேலும் கீழுமாகச் செம்பு நிற ஜிகினாத் தாளில் இரண்டு பட்டை. நடுவே கம்பிக்குப் பதில் ஒரு பழைய சரிகை நூல். தலையில் கைப்பிடி மாதிரி ஒரு தொப்பி. போட்டு நிறுத்திப் பார்த்தோம். தங்கையின் மாமியார் திண்ணையிலிருந்து, "இதென்னடி, வாஷிங் மிஷினா?" என்றார்.

நம் கிறுக்குத்தனம் என்று நினைக்காதீர்கள், அட்டைக்கும் உடுப்புக்கும் பழைய உறவு. நெளித்த காகிதத்துக்கு இங்கிலாந்தில் 1856-ல் உரிமை வாங்கியபோது அது பெட்டி செய்வதற்கல்ல. துரைமார்களின் உயரத் தொப்பிக்கு உள்பட்டி வைப்பதற்கு! 1871-ல்தான் நியூயார்க்கில் ஒருவர் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்ற அதைப் பயன்படுத்த உரிமை பெற்றார். ஹ்யூகோ பால் என்ற கவிஞர் 1916-ல் சூரிக் நகரத்தில், கால்களை நீல அட்டைக் குழாய்களுக்குள் நுழைத்து, அட்டையில் பெரிய கழுத்துப்பட்டி மாட்டிக்கொண்டு, அர்த்தமே இல்லாத வெறும் ஒலிகளைக் கவிதையாக ஒப்பித்தாராம். நடக்க முடியாமல் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் வைத்திருக்கிறார்கள்! நம் நாட்டிலே 2014-ல் மும்பையின் ஆரம்ப் என்ற தொண்டு நிறுவனம், வீணான அட்டைப்பெட்டிகளை வெட்டி மடித்து, தோளில் மாட்டினால் புத்தகப்பை, தரையில் விரித்தால் எழுதும் மேசை என்று கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்தது. அதையும் அடுத்த முறை செய்து பார்க்க எண்ணம்.

இரவு ஒத்திகை. நாலு வாக்கியம். குட்டி நிற்கும் இடத்திலெல்லாம் தங்கை முந்திக்கொண்டு வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். "மெதுவா, மூச்சு விட்டுச் சொல்லு" என்றாள். அது தாய் மனசு, யாரும் அதைத்தான் செய்வோம். ஆனால் பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் வேண்டாம் என்று சொல்வது அதைத்தான். முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவேண்டும், நாம் நிதானமாகப் பேசவேண்டும், வார்த்தையைப் பிடுங்கக்கூடாது. மூன்று நாலு வயதில் வருகிற திக்கல் பெரும்பாலும் தானே போய்விடும். நீடித்தால், காத்திருக்காமல் பயிற்சிக்குப் போவது நல்லது. இதை நான் சொன்னதும் தங்கைக்குக் கோபம். "உன் பொண்ணா இருந்தா தெரியும்" என்றாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

திங்கட்கிழமை. பெட்டியோடு ஆட்டோவில் ஏற முடியவில்லை, கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம். பள்ளிக்கூடத்தில் ஏழு பாரதியார், நாலு ஆண்டாள், ஒரு விவசாயி. குட்டியின் முறை வந்தது. மேடை ஏறினாள். "நான்..." என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முன் வரிசையில் ஒரு டீச்சர் எடுத்துக் கொடுக்க எழுந்தார். தங்கையும் எழுந்தாள். எழுந்தவள் என்ன நினைத்தாளோ, அந்த டீச்சரைப் பார்த்துக் கையைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் கை ஈரமாக இருந்தது.

"பீ... பீ... பீஸ் கேரியர். விருத்தாசலத்துலே பொறந்தேன். லோடு ஜாஸ்தியானா நான் எரிஞ்சு உங்க வீட்டைக் காப்பாத்துவேன். நீங்க க... க... கரன்ட் பில்லை மட்டும் கட்டிடுங்க."

சிரிப்பு வந்தது. அரங்கமே சிரித்தது. தங்கை என்னைப் பார்த்தாள், இது எந்தச் சிரிப்பு என்று. குட்டியும் சிரித்துக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டாள், மறுபடி மாட்டிக்கொண்டாள், இறங்க வழி தெரியாமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தாள். முதல் பரிசு ஒரு பாரதியாருக்கு. இவளுக்கு எல்லாருக்கும் கொடுத்த பென்சில் டப்பா.

அன்று மாலை முழுக்க அவள் பெட்டியைக் கழற்றவே இல்லை. சாப்பிட உட்காரவைக்கக் கெஞ்சவேண்டியிருந்தது. ஏழு மணிக்கு வழக்கம்போல் கரன்ட் போயிற்று. இருட்டில் கூடத்து மூலையிலிருந்து குரல் மட்டும் வந்தது:

"பெ... பெரிம்மா, பயப்படாதே. நான் இங்கதான் இருக்கேன்."

மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்தபோது தங்கையிடம் கேட்டேன், கொளஞ்சியப்பரிடம் பிராதைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று. "இன்னும் இல்லேக்கா. கடலூர்லே பேச்சுப் பயிற்சிக்கு விசாரிக்கச் சொல்லியிருக்கேன், அதுவும் ஆகட்டும்" என்றாள். பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாளாம். மழை ஒழுகுகிற பக்கம் இல்லையே என்று கேட்க நினைத்தேன், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.