சொந்தத்தில் பெண் கொடுப்பதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. நம் சொந்தக்காரர்கள் சிலருக்குக் கசக்கவும் செய்யலாம். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள். தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். முதல் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். "உன் வயிறு சரியில்ல" என்று மாமியார் தினமும் சொல்கிறாராம். அந்த மாமியார், அவளைத் தூக்கி வளர்த்த சொந்த ஆயாதான். இதற்கு நடுவில் அவள் தங்கைக்கும் இன்னொரு மாமனைப் பேசுகிறார்கள். "நீங்க எழுதுங்க டீச்சர், நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

நம் உடம்பில் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. அநேகமாக ஒவ்வொன்றும் இரண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பத்திரத்துக்கு இரண்டு ஜெராக்ஸ் வைத்திருப்பது போல. ஒன்றில் எழுத்து அழிந்திருந்தால் மற்றதைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். அதனால் குறையுள்ள பிரதி ஒன்றைச் சுமப்பவர் நன்றாகவே இருப்பார். அவருக்கே அது தெரியாது. நம் எல்லோரிடமும் அப்படிச் சில உண்டு.

அந்நியத்தில் கட்டினால் இருவருக்கும் ஒரே இடத்தில் எழுத்து அழிந்திருப்பது அபூர்வம். மாமனும் அக்கா மகளும் என்றால் இருவர் கையில் இருப்பதும் ஒரே பத்திரத்தின் ஜெராக்ஸ். மரபணுவில் சராசரியாகக் கால் பங்கு இருவருக்கும் பொது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. சித்தப்பா பிள்ளைகளும் அதே எட்டில் ஒரு பங்குதான். அவர்களை அண்ணன் தங்கை என்கிறோம், இவர்களை முறை என்கிறோம். மரபணுவுக்கு முறை தெரியாது.

இருவரும் ஒரே குறையைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அது வர நாலில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்றும் இல்லை, வந்தே தீரும் என்றும் இல்லை. 1866-இல் மெண்டல் பட்டாணிச் செடியை வைத்து எழுதியதும் இந்தக் கணக்குதான்.

ஆக, இந்த வகைக் குறை தாயிடமிருந்து மட்டும் வரவே வராது. இருவரும் கொடுத்தால்தான் உண்டு. அந்த ஆயாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோகூட இறங்கியிருக்கலாம். அதற்காக ஆயாவைத் திட்டவும் வேண்டாம். யாரும் தெரிந்து கொடுப்பதில்லை.

"உங்க அப்பா அம்மாவும் சொந்தம்தானே, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்று என் தம்பி கேட்பான். உண்மைதான். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நலமே. ஆனால் பொதுவாக 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும் என்றால், அத்தை மாமன் பிள்ளைகள் கட்டும்போது அது ஏறக்குறைய இரு மடங்கு. தாய்மாமன் என்றால் இன்னும் கூடுதல். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சொந்தத்தில் கட்டியவர்கள் 28 சதவீதம். நாடு முழுக்க 11தான்.

தெரிந்த குடும்பம், பெண் கஷ்டப்படமாட்டாள், சொத்து வெளியே போகாது என்றெல்லாம் நினைப்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரு வீட்டில் ஏற்கெனவே குறையோடு குழந்தை பிறந்திருக்கும்போது, அதே வீட்டில் இன்னொரு பெண்ணையும் கொடுப்பதற்கு முன் மரபியல் ஆலோசனை கேளுங்கள். காது கேளாமைக்குக் கர்ப்பத்தில் வரும் ருபெல்லா போன்ற வேறு காரணங்களும் உண்டு. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் இடைநிலை ஆசிரியை, அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்தவர்கள் பயப்பட வேண்டாம். குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை செய்துவிடுங்கள். ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. சீக்கிரம் பொருத்தினால் பேச்சும் நன்றாக வரும்.

பெண்ணை என்ன கேட்டாலும் கேளுங்கள், "உன் வயிறு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சாத்தாங்காட்டிலிருந்து,
உங்கள் டீச்சர்