அயலாரைக் கேட்டு அறிதல்

ஓர் ஊரிலே வாழ்வது என்பது, அந்த ஊரிலே எதை யாரிடம் கேட்கலாம் என்று அறிந்திருப்பதேயாகும். கிணற்று நீர் கலங்கினால் யாரை அழைப்பது, கூரையை எந்த மாதத்தில் வேய்வது, சயிக்கிள் றிம் நெளிந்தால் எந்தக் கடைக்குக் கொண்டு செல்வது என்பவற்றை நாம் எந்த நூலிலும் படித்தோமில்லை. வேலிக்கு அப்பால் நின்ற அயலவர் சொன்னார், நாம் கேட்டுக்கொண்டோம். 1990களிலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது, மோட்டார் சயிக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையும், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பிக்கும் நுட்பமும், சயிக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கும் உபாயமும், ஜாம் போத்தலிலே திரியிட்டு விளக்கேற்றும் சிக்கனமும் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குச் சென்றே ஊரெங்கும் பரவின. அந்த விளக்கின் ஒளியிலே படித்துத்தான் என் தலைமுறையினர் பரீட்சை எழுதினோம்.

பின்னர் வன்னியிலே ஆறு ஆண்டுகள் விஞ்ஞான ஆசிரியராகக் கடமையாற்றினேன். அங்கே ஆசிரியர் என்பவர் வகுப்பறைக்கு மட்டும் உரியவர் அல்லர். படிவம் நிரப்பவும், ஆங்கிலக் கடிதம் வாசிக்கவும், மகளுக்கு வந்த வரனைப் பற்றி அபிப்பிராயம் கேட்கவும் மாலை நேரங்களில் படலையடியில் யாராவது நிற்பார்கள். 2009ஆம் ஆண்டின் பேரழிவும், அதன்பின் முகாம் வாழ்வும் அந்தப் படலையையும் அதனைத் திறந்து வந்தவர்களையும் திசைக்கொருவராய்ச் சிதறடித்தன. 2011ஆம் ஆண்டு அகதியாக ரொறன்ரோ மாநகருக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையிலே குடியேறினேன். பிறருக்குப் பதில் சொல்லி வாழ்ந்தவன், இங்கே எல்லாவற்றையும் பிறரிடம் கேட்டு அறியவேண்டியவன் ஆனேன்.

திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். அங்கே கேள்வி என்பது வினாவைக் குறிக்கவில்லை. கற்றவர் சொல்லக் கேட்டு அறிதலையே குறிக்கின்றது. 45ஆம் அதிகாரம் 'பெரியாரைத் துணைக்கோடல்'. அதற்கு அடுத்தது 'சிற்றினஞ்சேராமை'. கேட்க வேண்டும், தக்காரைத் தேடிக் கேட்க வேண்டும், தகாதவரை விலக்கவும் வேண்டும். புகலிட நாட்டிலே ஒரு வீட்டையும் ஒரு வாகனத்தையும் காப்பாற்றுவதற்கு இம்மூன்றும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இங்கு வந்த பின்னரே முழுமையாக உணர்ந்தேன்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நத்தாருக்குச் சில நாட்களுக்கு முன்னர், உறைபனி மழை இம்மாநகரைத் தாக்கியது. மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரத்தால் முறிந்து மின்கம்பிகளின்மேல் விழுந்தன. ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் செயலிழந்தன. வீட்டை வெப்பமூட்டும் பேர்னஸ் எரிவாயுவில் இயங்குவதாயினும், வெப்பக் காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே வீடு முழுவதும் குளிர்ந்தது. மேல்வீட்டிலே இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தனர். அவர்களுக்காக, வெளியே கிடந்த கரி அடுப்பைக் குசினிக்குள் கொண்டுவந்து மூட்டலாம் என்று வீட்டார் தீர்மானித்தனர். ஊரிலே மார்கழிக் குளிருக்குத் தணல் மூட்டிக் குளிர்காய்ந்தவர்களுக்கு அது இயல்பான எண்ணமே.

அவ்வேளையிலே பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் கதவைத் தட்டினார். எம்மிடம் போதிய போர்வைகள் உண்டா என்று விசாரிக்க வந்தவர், முற்றத்திலிருந்து தூக்கப்பட்ட அடுப்பைக் கண்டதும் இரு கைகளையும் விரித்து வழிமறித்தார். அவருடைய ஆங்கிலம் எம்முடையதைப் போலவே முறிந்த ஆங்கிலம். எனினும் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல்லை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் கற்பித்த காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை, குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிடப் பன்மடங்கு இறுக்கமாகச் சேர்ந்துகொள்ளும், உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துபோவார். ஊரிலே ஓலைக்கூரையும் திறந்த சாளரமும் அந்த வாயுவை வெளியேற்றிவிடும். இங்கே காற்றுப் புகாதபடி அடைத்துக் கட்டப்பட்ட வீட்டிலே அது தங்கிவிடும். இதனை நான் தமிழிலே எடுத்துச் சொன்னதும் அடுப்பைத் தூக்கிய கைகள் தாமாகவே அதனைக் கீழே வைத்தன. அன்றிரவு மின்சாரம் இருந்த உறவினர் வீட்டிலே பிள்ளைகள் உறங்கினர்.

அந்நாட்களிலே கராஜினுள் மின்பிறப்பாக்கியை இயக்கி இந்த வாயுவினால் உயிரிழந்தவர்களும் ஒன்ராறியோவில் உண்டு. 2014 ஒக்ரோபர் 15 முதல், எரிபொருள் எரியும் சாதனமோ வீட்டோடு இணைந்த கராஜோ உள்ள வீடுகளில், உறங்கும் அறைகளின் அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டும் என்பது இம்மாகாணத்தின் சட்டமாயிற்று. சட்டம் பின்னர் வந்தது. அயலவர் முன்னர் வந்தார். பெரியவரின் பட்டறிவும் எம் தமிழ்ப் பாடப்புத்தகத்தின் ஒரு சொல்லும் ஒன்றுசேர்ந்து அன்று இரு குழந்தைகளைக் காத்தன என்றே இன்றும் நம்புகிறேன்.

வாகனம் பற்றிய அறிவும் இவ்வாறே வந்தது. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் இறப்பர் விறைத்து, வீதியைப் பற்றும் தன்மையை இழக்கிறது என்று எம்மவரான ஒரு மெக்கானிக் அண்ணர் விளக்கினார். மலையும் பனித்துகளும் பொறித்த குளிர்கால ரயர்களைப் பூட்டியோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு வழங்கப்பட வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்தது. கேட்டவருக்கே அக்கழிவு கிடைக்கும். கேளாதவர் பலர் அதனை அறியாமலே இருக்கின்றனர். பற்றரி இறந்த காரை மற்றொரு காரின் உதவியால் இயக்கும்போது, கடைசி மறைக்கம்பியை இறந்த பற்றரியிலே கொழுவாது, எஞ்சினின் வெற்று உலோகப் பகுதியிலே ஏன் கொழுவ வேண்டும் என்பதையும் அவரே காட்டித்தந்தார். பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறக்கூடும். கடைசி இணைப்பிலே தீப்பொறி எழும். இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கலாகாது. எந்த விஞ்ஞான ஆசிரியனுக்கும் இனிக்கும் விளக்கம் இது.

வாகனம் திருத்தக் கொடுக்கும்போது என்ன கேட்கவேண்டும் என்பதையும் அவரே கூறினார். 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை தொடங்குமுன் எழுத்திலே மதிப்பீடு கேட்டுப் பெறலாம். இறுதித் தொகை அந்த மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. கழற்றிய பழைய பாகங்களைத் தரும்படி கேட்கலாம். புதிய பாகங்களுக்கும் வேலைக்கும் 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு. கராஜ் வைத்திருப்பவரே வாடிக்கையாளரின் உரிமைகளைச் சொல்லித் தருவாராயின், அவரே துணைக்கொள்ளத் தக்க பெரியார்.

இனி, விலக்கவேண்டியவர் பற்றிய ஒரு நிகழ்ச்சி. 2016ஆம் ஆண்டு எமது பாடசாலை மாணவன் ஒருவனின் வீட்டுக் கதவைக் கழுத்திலே அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் தட்டினார். பேர்னஸைப் பரிசோதிக்க வந்ததாகக் கூறி உள்ளே நுழைந்தவர், அது ஆபத்தானது, உடனே மாற்றவேண்டும், காசு ஏதும் இப்போது தேவையில்லை என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். தந்தையார் வேலையில் இருந்தார். பதின்மூன்று வயது மகன் அந்தத் தாளை ஆங்கிலத்திலே தடையின்றி வாசித்தான். ஆனால் தாயாருக்கு அதனைத் தமிழிலே சொல்ல அவனிடம் சொற்கள் இல்லை. மாத வாடகை, பத்து ஆண்டுத் தவணை, இடையில் நீங்கினால் அபராதம் என்பன அவன் வாயிலே ஆங்கிலமாகவே நின்றுவிட்டன. தாயார் கையொப்பமிட்டார்.

ஏழாம் நாள் சனிக்கிழமை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியேறும் வேளையிலே அத்தாயார் தாளைக் கொண்டுவந்தார். "மாஸ்ரர், இதைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்கோ. இவருக்கு இன்னும் சொல்லேல்லை" என்றார். அவருடைய குரலிலே பணத்தைப் பற்றிய அச்சத்தைவிட, மகனுக்கு முன்னால் அறியாதவளாக நின்ற வேதனையே மிகுந்திருந்தது. வீட்டு வாசலிலே செய்யப்படும் ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் காரணம் ஏதும் கூறாமலே நீக்கிக்கொள்ள இம்மாகாணச் சட்டம் இடமளிக்கிறது. மூன்று நாட்கள் மீதமிருந்தன. வெற்று வகுப்பறையிலே மூவரும் அமர்ந்தோம். நான் தமிழிலே ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, மகன் அதனை ஆங்கிலத்திலே எழுதினான். ஒவ்வொரு சொல்லையும் தாயாருக்குத் தமிழிலே திருப்பிச் சொல்லும்படி அவனையே கேட்டேன். பதிவுத் தபாலிலே கடிதம் சென்றது, ஒப்பந்தம் நீங்கிற்று. வெளியேறும்போது அவன், "ஒப்பந்தம், தவணை, அபராதம்" என்று மெதுவாக உச்சரித்துக்கொண்டே தாயாரின் கையைப் பற்றி நடந்தான். பத்து ஆண்டுத் தமிழ்க் கல்வி அன்று அவன் வீட்டுக்குப் பயன்பட்டது.

2018 மார்ச் 1 முதல், பேர்னஸ், நீர்ச்சூடாக்கி முதலியவற்றை அழைப்பின்றி வீடு தேடி வந்து விற்பது ஒன்ராறியோவில் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் கதவைத் தட்டியவர்கள் தொலைபேசியை நாடுகின்றனர். ஆகவே எம் பிள்ளைகளுக்கு இச்சொற்கள் இன்றும் தேவை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடைசி அரைமணி நேரம், வீட்டுச் சொற்களைப் படிக்கின்றோம். மதிப்பீடு, உத்தரவாதம், பற்றுச்சீட்டு, கசிவு, அடைப்பு, புகைபோக்கி என்று பட்டியல் நீளும். வீட்டு வேலையாக, பிரதான நீர்க்குழாயின் அடைப்பு எங்குள்ளது என்று பெற்றோரைக் கேட்டு வரவேண்டும். வெளிக் குழாய்க்குச் செல்லும் நீரைக் குளிர்காலத்துக்கு முன் உள்ளிருந்து நிறுத்தி, எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் நீர் உறைந்து விரிந்து குழாயை வெடிக்கச்செய்யும். குழாய் வேலை செய்யும் தந்தையர் தரும் சொற்கள் சில எனக்கே புதியவை. அவற்றையும் கரும்பலகையிலே எழுதுகின்றோம்.

2022 ஜனவரி 17ஆம் நாள் பெரும் பனிப்பொழிவிலே நெடுஞ்சாலைகளும் மூடப்பட்டன. அன்று பதினொரு வயது மாணவி ஒருத்தியின் வீட்டுப் பேர்னஸ் நின்றுவிட்டது. திருத்துநர் வர இரண்டு நாட்களாகும் என்றார்களாம். அவள் எனக்குத் தொலைபேசியெடுத்து, "சேர், சுவருக்கு வெளியே வெள்ளைக் குழாய் இரண்டு இருக்கும் என்று சொன்னீங்களே, அதைப் பனி மூடினால் நின்றுபோகுமா?" என்று கேட்டாள். அது இத்தாலியப் பெரியவரிடம் நான் கேட்டறிந்து வகுப்பிலே சொன்ன செய்தி. தாயும் மகளும் சவலால் பனியை விலக்கினர். சற்று நேரத்தில் இயந்திரம் மீண்டும் இயங்கியது. ஓர் எச்சரிக்கையையும் இங்கே கூறவேண்டும். அழுகிய முட்டை போன்ற மணம் வந்தால் எதையும் ஆராயாது, எந்த மின் ஆளியையும் தொடாது, எல்லோரும் வெளியேறி, வெளியே நின்றே அவசர உதவியை அழைக்க வேண்டும். எரிவாயு இயந்திரத்தின் உட்பகுதியைத் தொட உரிமம் பெற்றவருக்கே அனுமதி உண்டு.

பெற்றோர்களே! கேட்பது குறைவன்று. கேட்கும்போது சில முறைகளைக் கைக்கொள்வோம். நாம் செலவழிப்பதால் இலாபம் பெறாத ஒருவரை முதலிலே கேட்போம். பெருஞ் செலவென்றால் இருவரையோ மூவரையோ கேட்டு ஒப்புநோக்குவோம். "பழுதாகிவிட்டது" என்று மட்டும் சொல்லாது, எப்போது, எந்த ஒலி, எந்த மணம் என்று நோயாளி வைத்தியருக்குச் சொல்வதுபோலச் சொல்வோம். மாநகரசபைக்குரிய காரியங்களுக்கு 311 என்ற இலக்கத்தை அழைத்து மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழிலேயே பேசலாம். வாடகைக்கு இருப்போருக்குக் குளிர்காலத்திலே 21 பாகை வெப்பத்தை வீட்டு உரிமையாளர் உறுதிசெய்ய வேண்டும் என்பதும் இம்மாநகரின் விதி.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கும்போது பிள்ளைகளையும் அருகிலே வைத்துக்கொள்ளுங்கள். தந்தை கேட்பதைக் கண்ட பிள்ளை, கேட்பதற்கு அஞ்சாது வளரும். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் இப்பாடசாலையின் நடைவழி, ஒருவரிடம் ஒருவர் கேட்டறியும் எமது ஊர்ப் படலையாக விளங்கட்டும். ஆண்டு விழாக் காணும் எம் பாடசாலை மேன்மேலும் வளர்ந்தோங்குக!